ஒரு நாள் சாமைச் சோறு

மலையேற்ற விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழங்குடி மக்களோடு ஒரு நாள், பாரம்பரிய உணவு, இன்னும் என்னென்னவோ. சனிக்கிழமை காலை வேன், மதியம் நடை, ராத்திரி இலை போட்டுச் சாமைச் சோறு, ஞாயிறு மாலை வீடு. திங்கட்கிழமை ஆபீஸில் போட்டோ காட்டலாம்.

நடங்கள், நல்லதுதான். ஆனால், அந்தச் சாமைச் சோற்றைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மலையாளி மக்களின் ஊர்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது நம்ம தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள். விளம்பரக்காரர் சொல்கிற ‘வேறொரு உலகம்’ எல்லாம் இல்லை. பஸ் போகிறது, ரேஷன் கடை இருக்கிறது.

விஷயமே அந்த ரேஷன் கடையில்தான். சாமை, தினை, கேழ்வரகு இவையெல்லாம் ஒரு காலத்தில் இந்த மலையின் அன்றாடச் சாப்பாடு. 1970களுக்குப் பிறகு அந்த நிலங்களை மரவள்ளிக்கிழங்கு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. கீழே சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கிழங்கு விற்றால் கையில் காசு, சோற்றுக்கு ரேஷன் அரிசி. இதில் யாரைக் குற்றம் சொல்வது? பிள்ளையைப் படிக்கவைக்கக் காசு வேண்டாமா?

இன்னொரு காரணம் எந்த விளம்பரத்திலும் வராது. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டு இடிக்கணும், புடைக்கணும், திரும்பவும் இடிக்கணும். அத்தனையும் பெண்கள் தலையில். காட்டு வேலை முடிந்து வந்து, அப்புறம் உலக்கை. ரேஷன் அரிசி வந்தபோது ‘அப்பாடா’ என்று முதலில் உட்கார்ந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்கும். இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. நோய் எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது எதுவும் தெரியாமல், ‘இவங்க தினமும் இதைத்தான் சாப்பிடறாங்க, அதான் இவ்வளவு தெம்பா இருக்காங்க’ என்று இலை முன்னால் உட்கார்ந்து உருகுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. உங்களுக்குச் சாமை வடித்துப் போட்ட அம்மா, நேற்று சாப்பிட்டது ரேஷன் அரிசியாக இருக்கலாம். நாளைக்கும் அதுதான். நடுவில் ஒரு நாள், உங்களுக்காகச் சாமை.

அதே மலையில், சாலையோரம் முடவாட்டுக்கால் சூப் கேட்டு வாங்கிக் குடிக்கிறோம். மூட்டுவலிக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். ஆட்டுக்கால் மாதிரி ரோமத்தோடு இருக்கும் அது, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு காட்டுச் செடி. நாம் கேட்கக் கேட்க, பறிப்பதும் கூடும். சாமை அப்படியில்லை. அது விதைத்து எடுப்பது. கேட்கக் கேட்க, விதைப்பது கூடும். எதை அதிகமாகக் கேட்கணுமோ அதை ஒரு வேளையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியது. பட்டணத்துக் கடைகளில் சாமை அரிசி, சாப்பாட்டு அரிசியைவிட விலை அதிகம். அந்த விலையில் மலைக்குப் போய்ச் சேருவது எவ்வளவு?

அடுத்த முறை மலைக்குப் போகிறீர்களா? கூட்டிப்போகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள்: ‘நாங்க கட்டின பணத்துல, சமைச்சுப் போட்ட வீட்டுக்கு எவ்வளவு சார்?’ திரும்பும்போது அங்கேயுள்ள மகளிர் குழுக்களிடம் சாமை வாங்குங்கள், பேரம் பேசாமல். தீர்ந்ததும் மறுபடி வாங்குங்கள். ஒரு வேளை வந்து சாப்பிட்டுப் போகிறவரை நம்பி யாரும் ஒரு ஏக்கர் சாமை விதைக்க மாட்டார்கள். மாசாமாசம் கேட்கிற ஆள் இருந்தால் விதைப்பார்கள்.