அன்பு எழுதிய பொய் வரலாறு

குடும்பம் கூடு, அன்பு அதன் கதகதப்பு. இதை மறுப்பார் எவருமிலர். ஆனால், அதே கதகதப்பில் பொய்யும் குஞ்சு பொரிக்கும் என்று சொன்னால் முகம் சுளிப்போர் பலர். பாட்டனைப் பற்றிக் கேள்வி எழுப்புவதா, பாட்டியின் சொல்லை ஐயுறுவதா, அது நன்றி கொன்ற செயலன்றோ என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏன் என்பதை விளக்க, செருமனியில் இந்த நூற்றாண்டில் வெளிவந்த மூன்று நூல்களை வாசகர் முன் வைக்கிறோம். மூன்றும் பேசும் பொருள் ஒன்றே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாத்தா என்ன செய்தார்? வீடு அதை எப்படி மறைத்தது? மறைத்ததால் விளைந்தது என்ன?

முதலாவது, ஆராய்ச்சி நூல். ஹரால்ட் வெல்சர் என்னும் சமூக உளவியலாளர், சபீனே மொல்லர், கரோலினே சுக்னால் ஆகிய இருவருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்டது. ‘தாத்தா நாஜி அல்லர்’ என்பது அதன் பெயர். 40 குடும்பங்களில் மூன்று தலைமுறையினரைச் சந்தித்து, 142 உரையாடல்களைப் பதிவு செய்தனர். கிழவர் சொன்னது ஒன்று. மகன் திருப்பிச் சொன்னது வேறொன்று. பேரன் சொன்னதோ முற்றிலும் புதியதொரு கதை!

பெர்கன்-பெல்சன் வதைமுகாமின் அருகே வாழ்ந்த மூதாட்டியொருவர். போர் முடிந்ததும், விடுதலை பெற்ற கைதிகளுக்கு ஊரார் வீடுகளில் இடம் ஒதுக்கியது ஆங்கிலப் படை. யூதருக்கு இடம் கொடாமல் தப்பத் தாம் செய்த தந்திரத்தை அவரே சொல்லுகிறார். அவருடைய மகன், வேறொரு பண்ணைக்காரப் பெண்மணி ஓடிவந்தோரை ஒளித்துக் காத்த செய்தியைச் சொல்லுகிறார். பேத்தியோ இரண்டையும் குழைத்து, அடைக்கலம் தந்த வீராங்கனை தன் பாட்டியே என்கிறார். கதவை அடைத்தவர், இரண்டு தலைமுறை கழிந்ததும் கதவைத் திறந்தவர் ஆகிவிட்டார்!

பேத்தி வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. அவர் பள்ளியில் வரலாறு படித்தவர், நாஜிக் கொடுமையை அறிந்தவர், வெறுப்பவர். அந்த வெறுப்பே அவரை இந்த நிலைக்குத் தள்ளிற்று என்பதுதான் நூல் தரும் அதிர்ச்சி. கொடுமை எவ்வளவு கொடியது என்று தெரியத் தெரிய, அந்தக் கொடுமைக்குள் நம் பாட்டி இருந்திருக்க மாட்டார் என்னும் ஆசையும் வளருகிறது. அறிவு ஊட்டிவிட்டால் போதும், பொய் ஓடிவிடும் என்று எண்ணுவோர் இந்நூலை ஒருமுறை படிக்கவேண்டும். ஊரைப் பற்றிய அறிவு வேறு; தன் வீட்டைப் பற்றிய துணிவு வேறு.

இரண்டாவது நூல், ஜெனிபர் டேகே என்னும் பெண்மணி, நிக்கோலா செல்மையர் என்னும் பத்திரிகையாளருடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ‘அமோன்’. டேகேயின் தந்தை நைஜீரியர், தாய் செருமானியர். குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டு, பின்னர் வேறொரு குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்டவர். 2008இல், தம் 38ஆம் வயதில், ஹாம்பர்க் நகர நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறார். அதில் இருப்பது தம்மைப் பெற்ற தாயின் படம்! தாயின் தந்தை யார் என்பதையும் அந்தப் புத்தகமே அவருக்குச் சொல்லுகிறது. போலந்தின் கிராக்கோவ் நகருக்கு அருகே பிளாஷோவ் வதைமுகாமின் தலைவனாக இருந்த அமோன் கோத். கைதிகளைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றவன். 1946 செப்டம்பர் 13 அன்று தூக்கிலிடப்பட்டவன். 1993இல் வந்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ திரைப்படத்தில் உலகமே கண்டு நடுங்கிய அதே மனிதன்.

கோத்துடன் முகாமருகே மாளிகையில் வாழ்ந்தவர் டேகேயின் பாட்டி. சிறுமி டேகேயிடம் அன்பு பொழிந்தவரும் அவரே. அந்த அன்பு பொய்யன்று. ஆயினும் அந்த அன்பு மறைத்த பிணக்குவியலும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே ஏந்தி நிற்பதுதான் இந்நூலின் பெருமை. டேகே தம் நெஞ்சைத் திறந்து பேசும் பகுதியை அடுத்து, செல்மையரின் பகுதி வருகிறது. ஆவணங்களும் சாட்சிகளும் பேசுகின்றன. பேத்தியின் பாசம் சற்றே தடம் மாறும்போதெல்லாம், பக்கத்தில் நிற்கும் சான்று அவரைத் தடுத்து நிறுத்துகிறது. நாணயமான அமைப்பு இது.

குடும்பத்தில் மௌனம் என்ன செய்தது என்பதையும் நூல் மறைக்கவில்லை. பாட்டி தம் மகளிடம் முழு உண்மையைச் சொல்லவில்லை. மகள் தம் மகளிடம் சொல்லவில்லை. காரணம் அறியாத துயரம் மட்டும் தவறாமல் கைமாறி வந்தது. உண்மையறிந்த டேகேயும் என்ன செய்தார்? அவர் இஸ்ரேலில் பயின்றவர்; எபிரேய மொழி கற்றவர்; அங்கே உற்ற தோழியர் உடையவர். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றறியாமல் அவரும் வாய்மூடினார். மௌனத்தால் காயப்பட்டவரே மௌனத்தைத் தொடரலானார்! பிறகே அதை உடைத்து வெளியே வந்தார். இந்தப் பகுதி நூலின் உயிர்நாடி.

குறையும் உண்டு. ‘என் தாத்தா என்னைச் சுட்டுக் கொன்றிருப்பார்’ என்பது நூலின் துணைத் தலைப்பு. கறுத்த மேனி கொண்ட பேத்தியைக் கோத் எப்படிப் பார்த்திருப்பான் என்பதில் ஐயமில்லை, தலைப்பு உண்மையே. எனினும், அது வாசகன் கண்ணை ஓர் அரக்கன்மீது மட்டும் நிறுத்திவிடுகிறது. அரக்கனைக் காண்பது எளிது. என் தாத்தா அப்படிப்பட்டவர் அல்லர் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதும் எளிது. கோத் ஒருவனால் முகாம் நடந்துவிடுமா? கணக்கு எழுதியவர், வண்டி ஓட்டியவர், கட்சிக்குச் சந்தா கட்டியவர், சன்னலை மூடிக்கொண்டவர் இவர்கள் எங்கே?

அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது மூன்றாவது நூல். நோரா குரூக் 1977இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறிய ஓவியர். 2018இல் வெளிவந்த ‘ஹைமாட்’ என்னும் அவரது நூல், கையெழுத்தும் ஓவியமும் பழைய படங்களும் கலந்தது. தாயின் தந்தை கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவர், சாதாரண மனிதர். ஆவணக் காப்பகத்தில் கோப்பைத் திறக்கிறார் குரூக். தாத்தா 1933இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்! அவரது அலுவலகம் யூதர் தொழுகைக் கூடத்துக்கு எதிரே இருந்தது. 1938 நவம்பரில் அந்தக் கூடம் எரிந்தபோது அவர் எங்கே நின்றார்? பேத்தி கேட்கிறார், விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் கற்பனையை இட்டு நிரப்பாமல், வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டிருக்கிறார். இதுவே பகுத்தறிவாளர் போற்றவேண்டிய ஒழுக்கம்.

ஆசிரியப் பணியில் இருக்கும் நம்மை இந்நூலில் நிலைகுலையச் செய்தது வேறொரு பக்கம். குரூக்கின் பெரியப்பா 18 வயதில், எஸ்.எஸ். படைவீரனாக, 1944இல் இத்தாலியில் மாண்டவர். பின்னர் பிறந்த தம்பிக்கு அவர் பெயரையே சூட்டினர். அந்தப் பெரியப்பா சிறுவனாக எழுதிய பள்ளி ஏடு கிடைக்கிறது. அதில், யூதரை நச்சுக் காளானுக்கு ஒப்பிட்டு ஒரு கட்டுரை! அதைத் தாத்தா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அது பள்ளிப் பாடம். 12 வயதுப் பிஞ்சின் கையில் நஞ்சைத் தோய்த்துக் கொடுத்தவர், நம்மைப்போல் ஒரு வாத்தியார்.

இந்நூலிலும் ஒரு குறை. செருமானிய ரொட்டி, காயத்துக்கு ஒட்டும் பட்டை, வெந்நீர்ப் பை என்று தாய்நாட்டுப் பொருள்களை இடையிடையே கொஞ்சுகிறார் ஆசிரியர். ஏக்கம் இயற்கையே; எனினும், கேள்வியின் கூர்மையை அது மழுக்குகிறது. போருக்குப்பின் இயற்றப்பட்ட 1946ஆம் ஆண்டுச் சட்டம் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தது. கேள்வித் தாளுக்கு விடை எழுதித் தரவேண்டியிருந்தது. தாத்தாவுக்குக் கிடைத்தது நான்காவது வகை, ‘கூடச் சென்றவர்’ என்னும் பட்டம். விடையை எழுதியவர் அவரே. அவருக்காகச் சாட்சி சொன்னோர் அவருக்கு வேண்டியவரே. ஆவணமும் ஐயத்துக்கு உரியதே என்பதை ஆசிரியர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

இனி, இம்மூன்றையும் படித்தோர் கேட்கும் கேள்விக்கு வருவோம். பாட்டன் செய்த குற்றம் பேரனைச் சேருமா?

நாஜித் தலைவன் ஹெர்மன் கோரிங்கின் உடன்பிறந்தார் வழிப் பேத்தி ஒருவர், 2011இல் வெளிவந்த ஓர் ஆவணப் படத்தில் பேசினார். அந்தக் குருதி தம்மோடு முடியட்டும் என்று தாமும் தம் உடன்பிறந்தாரும் கருத்தடை செய்துகொண்டதாகக் கூறினார். அவர் துயரை மதிக்கிறோம். முடிவை ஏற்க இயலவில்லை. குருதியில் குணம் இருக்கிறது, பிறப்பில் பாவம் இருக்கிறது என்பதுதானே நாஜியின் வேதம்? அதையே நம்பி அவனைத் தண்டிக்க முடியுமா? பிறப்பால் உயர்வில்லை என்போர், பிறப்பால் பழியுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாகவேண்டும்.

பழி இல்லை, ஆனால், பொறுப்பு உண்டு. செய்தவன் குற்றவாளி. தெரிந்தபின் மறைப்பவன் புதிய குற்றத்தைத் தொடங்குகிறான். நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள், ஒரு கோடிக்கு மேற்பட்டவை, 1945இல் கூழாக்கப்படுவதற்காக மியூனிக் அருகே ஒரு காகித ஆலைக்கு அனுப்பப்பட்டன. ஆலைக்காரர் அவற்றைக் கூழாக்காமல் விட்டார். அமெரிக்கர் கைக்குச் சென்ற அவை 1994இல் செருமானிய அரசின் ஆவணக் காப்பகத்தை அடைந்தன. பெயர் எழுதிக் கேட்டால் விடை வரும். அட்டைகள் காத்திருந்தன, கேட்கும் வாய்தான் தயங்கியது.

மூன்றில் ஒன்றை மட்டும் படிக்க நேரமுள்ளோர்க்கு நாம் குரூக்கின் நூலையே பரிந்துரைப்போம். டேகேயின் நூல் துணிவால் உயர்ந்தது. குரூக்கின் நூலோ, அரக்கன் இல்லாத வீட்டிலும் கேள்வி கேட்கவேண்டும் என்று கற்பிக்கிறது. கேட்டதால் அந்தக் குடும்பம் உடைந்துவிடவில்லை. உறவு அற்றுக் கிடந்த அத்தையின் வாயிற்படியை அவர் மிதித்தது இந்தத் தேடலால்தான்.

தாத்தாவை நேசியுங்கள், தடையில்லை. அவர் சொன்னதைக் கேளுங்கள், சொல்லாததையும் கேளுங்கள். கேள்வியைத் தாங்காத அன்பு, அன்பன்று; அச்சம்.