பிணியும் பிணிப்பும்: இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் ஆறுதலும்

முன்னுரை

ஆண்டுதோறும் ஜூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவிற்கு நாடெங்கிலுமிருந்து தமிழ்க் கத்தோலிக்கர் திரள்கின்றனர். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை) வட்டாரத் தோட்டப்புறத்தாரும் அவருள் அடங்குவர். இவ்வட்டாரத்தின் தெனாமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்துத் தேய்ந்த உடல்களே இம்மக்களின் வரலாறு. முழங்கால் நோவோடு குன்றின் சிலுவைப்பாதையில் ஏறும் முதியவர் பெரும்பாலும் நோவு தீர்ந்து இறங்குவதில்லை. மனம் ஆறி இறங்குகிறார். இவ்வாறுதலின் இயல்பு யாது? அது துன்பத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் மயக்கமா? தோட்டப்புற மாணவர்க்குக் கிறித்தவக் காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் தவிர்க்கவியலாத இவ்வினாவை முன்வைத்து, எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை இக்கட்டுரை நோக்குகிறது.

உருவகப் பயணமும் உடற்பயணமும்

1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவம் தழுவிய கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவக நூலைத் தழுவி ஐந்து பருவங்களில் இக்காப்பியத்தை யாத்தார். 1894இல் அது நூலுருப் பெற்றது. இங்கு யாத்திரை என்பது திருத்தலம் நோக்கிய நடையன்று. ஆன்மா அழிவின் நகர் நீங்கி மீட்பின் நகர் சேரும் வழி. திருத்தலப் பயணத்தால் புண்ணியம் ஈட்டலாம் என்பதனைப் பனியன் சார்ந்த சீர்திருத்த மரபு ஏற்பதில்லை. யாத்திரிகனின் முதுகுச் சுமை அவன் நடந்த தொலைவுக்குக் கூலியாக இறங்கவில்லை. சிலுவையின் அருகே தானே அவிழ்ந்து வீழ்கிறது. ஆகவே கத்தோலிக்க அடியாரின் உடற்பயணத்தை இந்நூலைக் கொண்டு விளக்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இவ்வுருவக நெறியால் நூலுக்கு ஒரு குறையும் நேர்ந்துள்ளது. வழி நடப்பவனின் ஆன்மப் போராட்டம் விரிவாகப் பேசப்படும் அளவுக்கு அவன் கால்கள் பேசப்படவில்லை. இவ்வகையில் சேக்கிழார் ஒருபடி முன் நிற்கிறார். கயிலை நோக்கிச் செல்லும் திருநாவுக்கரசரின் பாதம் தேய்கிறது, கையால் தாவுகிறார், கையும் தேய, மார்பால் ஊர்கிறார், பின் உருள்கிறார். ஆயினும் அவர் கயிலையை அடையவில்லை. திருவையாற்றில் காட்சி பெறுகிறார். நாடிய இடத்திலன்றி, வாழும் நிலத்திலேயே ஆறுதல் கிட்டுகிறது என்னும் இம்முடிவு, திருவிழா முடிந்து மறுநாட் காலை வேலைக்காட்டுக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்துவதாகும்.

பிணித்தது எது?

கிருஷ்ணபிள்ளையின் தனித்திறன் வேறோர் இடத்தில் வெளிப்படுகிறது. பனியன் சில வரிகளில் கடந்துசெல்லும் சிலுவையை, இவர் குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகளாக விரித்துரைக்கிறார். யாத்திரிகனின் உடலில் காணாத வலியை மீட்பரின் உடலில் காண்கிறோம். கட்டுண்டு நிற்கும் இயேசுவைக் காட்டுமிடத்தில், அவரைப் பிணித்தது கயிறன்று, பகைத்தவர்பாலும் அவர் கொண்ட அன்பே என்று கவிஞர் விளக்குவது ஈண்டு நோக்கத்தக்கது. தமிழில் 'பிணி' என்னும் சொல் நோயையும் கட்டையும் ஒருங்கே குறிப்பது. அன்பினால் தானே ஏற்ற கட்டு வேறு. பிறர் இட்ட கட்டு வேறு. நேர்த்திக்கடனாகச் சிலுவைப்பாதையில் ஏறும் வலியும், பத்துமலைக்குக் காவடி சுமக்கும் அண்டை வீட்டார் ஏற்கும் வலியும் முதல்வகை. கங்காணி முறையும் குறைகூலியும் தந்த வலி இரண்டாம் வகை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வாசிப்பே ஆறுதலை மயக்கமாக்குகிறது.

ஆறுதலும் குற்றச்சாட்டும்

'பொறுமையே கிறித்தவ அறம்' எனும் ஒற்றை வாய்பாட்டால் இப்படலத்தை விளக்குதல் பொருந்தாது. பாடுபடுபவரின் பொறுமையைப் போற்றும் கவிஞர், பாடுபடுத்துவோரைப் போற்றவில்லை. அவர்தம் செயலைக் கொடுமை என்றே சாடுகிறார். மூலநூலிலும் உண்மையுள்ள உடன்பயணியைக் கொல்வது ஒரு பொய் நீதிமன்றமே. 1660 முதல் 1672 வரை சிறையிலிருந்த பனியன் அத்தகைய நீதியை நேரில் அறிந்தவர். அவநம்பிக்கை அரக்கன் யாத்திரிகரை அடித்துச் சிறையிடும் பகுதியும் சான்றாகும். அவர்கள் உடல் நொந்து கிடக்கின்றனர். வாக்குறுதி என்னும் திறவுகோல் மடியிலேயே இருந்தது நினைவுக்கு வருகிறது. உடனே கதவைத் திறந்து வெளியேறுகின்றனர். அங்கேயே இருந்து வலியைப் புனிதமாக்கிக் கொள்ளவில்லை. ஆறுதல் என்பது அடைபட்டோரை எழுந்து நடக்கச் செய்யும் ஆற்றலாகவே இங்கு அமைகிறது.

முடிவுரை

துன்பத்தில் விசுவாசம் காணுதல் வேறு. துன்பத்தை விசுவாசத்தின் பெயரால் நியாயப்படுத்துதல் வேறு. இரட்சணிய யாத்திரிகம் முன்னதற்கு இடந்தருகிறது, பின்னதற்குத் தரவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்தோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் இப்படலத்தின் பொறுமையை மட்டும் எடுத்துரைத்து அதன் கண்டனத்தை விடுத்தல், கவிஞருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இழைக்கும் அநீதியாகும். 'யார் பிணித்தது, எதனால் பிணித்தது' என்னும் வினாவோடு பாடத்தைத் தொடங்கின், காப்பியச் சுவையும் குன்றாது. அம்மாணவர்தம் முன்னோரின் நோவும் மதிப்பிழக்காது.