சுட்டும் கோணமும்: ஒரு மாணவர் திரைப்படத்தில் சஸ்பென்ஸ்

1. முன்னுரை

திரைப்படக்கலை பயில்வோர்க்கான கையேடுகள் பலவும் ஷாட் வகைகளுக்கும் கேமராக் கோணங்களுக்கும் அகராதி போன்றதொரு பட்டியலைத் தருகின்றன. கீழிருந்து மேல்நோக்கும் தாழ்கோணம் அதிகாரத்தைக் குறிக்கும். மேலிருந்து கீழ்நோக்கும் உயர்கோணம் வலுவின்மையைக் குறிக்கும். சட்டகம் சாய்ந்தால் மனக்குழப்பம். குளோசப் எனின் உணர்ச்சிச் செறிவு என்றவாறு அப்பட்டியல் அமையும். இவற்றை முறையாக அடுக்கினால் சஸ்பென்ஸ் தானே பிறக்கும் என்பது அப்பட்டியலின் உட்கிடை. ஆயினும் இவ்வாறு அடுக்கப்பட்ட மாணவர் படங்களில் நிழலும் சாய்ந்த சட்டகமும் இருக்க, பதற்றம் மட்டும் இல்லாதிருப்பதைக் காணலாம்.

இக்குறை கருவிகளின் போதாமையால் நேர்வதன்று. பொருண்மை பற்றிய தவறான கொள்கையால் நேர்வது. ஷாட்டுக்கு அகராதிப் பொருள் இல்லை. அதன் பொருள் சுட்டுச்சொல்லின் பொருளை ஒத்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 1956இல் மாஸ்கோவில் உருவான ‘கொலையாளிகள்’ என்ற மாணவர் படம் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு: தமிழில் ‘காட்சி’ என்பது ஓரிடத்தில் தொடர்ந்து நிகழும் நாடகப் பகுதியையும், கேமரா இடையறாது பதிவு செய்யும் ஒரு துண்டையும் ஒருங்கே குறிக்கிறது. இம்மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டுப் பின்னதற்கு, திரைத்துறையினரின் வழக்கான ‘ஷாட்’ என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

2. மர்மம், திகில், சஸ்பென்ஸ்

சஸ்பென்ஸ் என்பதற்கு ‘மர்மம்’, ‘திகில்’ என்னும் இரு சொற்களும் மாறிமாறி வழங்குகின்றன. இரண்டும் பொருந்துவன அல்ல. மர்மம் பார்வையாளரிடமிருந்து ஒரு செய்தியை மறைப்பது. திகில் அவரிடம் விளையும் அச்சம். சஸ்பென்ஸோ செய்தியை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, விளைவை மட்டும் தள்ளிப்போடுவது. தொங்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல் இது.

இவ்வேறுபாட்டை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய உரையாடலில் (நூல் வடிவம் 1966) ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசைக்கடியில் குண்டு இருப்பது தெரியாத நிலையில் அது வெடித்தால் பார்வையாளர்க்குக் கிடைப்பது பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் அவர்க்குத் தெரிந்திருந்தால், மேசையில் நிகழும் வெற்றுப் பேச்சும் பதினைந்து நிமிடப் பதற்றமாகிறது. உரையாடல் ஒன்றே, அமர்ந்திருப்போரும் அவர்களே. மாறியது பார்வையாளரின் அறிவு மட்டுமே.

தமிழ் வாக்கிய அமைப்பை அறிந்தோர்க்கு இது புதிதன்று. வினைமுற்று இறுதியில் நிற்கும் மொழியில், எழுவாய், இடம், காலம் அனைத்தும் கூறப்பட்ட பின்னரும் நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்பது கடைசிச் சொல் வரை தொங்கி நிற்கும். கேட்போர் அறிந்தவை பல, அறியாதது ஒன்று. அவ்வொன்றை நோக்கியே அவர் கவனம் இழுக்கப்படுகிறது.

3. ஷாட்: சொல்லா, சுட்டா?

திரைப்படக் குறியியலின் முன்னோடியான கிறிஸ்டியன் மெட்ஸ் 1964இல் வெளியிட்ட கட்டுரையில், ஷாட்டைச் சொல்லுக்கு நிகராகக் கொள்ளலாகாது என்று வாதிட்டார். கைத்துப்பாக்கியின் குளோசப் ‘துப்பாக்கி’ என்னும் சொல்லுக்கு நிகரன்று. குறைந்தது ‘இதோ ஒரு துப்பாக்கி’ என்னும் கூற்றுக்கு நிகர் என்பது அவர் விளக்கம். அவர் வாதத்தின் மையம் கூற்று என்பது. இங்கு நாம் கருத வேண்டியது அக்கூற்றின் தொடக்கத்திலுள்ள ‘இதோ’.

தொல்காப்பியம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்னும். இகரம் அண்மை, அகரம் சேய்மை, இடைநிலை குறித்த உகரம் இலங்கைத் தமிழ் வழக்கில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. ‘இது’ என்பதற்கு அகராதி தரக்கூடிய பொருள் மிகச் சிறிது. யார், எங்கிருந்து, யாரிடம் கூறுகிறார் என்பதே அதனை நிரப்புகிறது. குளோசப்பும் லாங் ஷாட்டும் இத்தகையனவே. ‘இவன்’ என்பது அன்பாகவும் இருக்கலாம், இகழ்ச்சியாகவும் இருக்கலாம். குளோசப்பும் அவ்வாறே.

கோணத்துக்கும் இது பொருந்தும். ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தில், தேர்தலில் தோற்ற கேன் தன் நண்பருடன் பேசும் பகுதி மிகத் தாழ்ந்த கோணத்தில் எடுக்கப்பட்டது. இதற்கெனத் தளமே தோண்டப்பட்டது. கேன் அதிகாரத்தை இழந்து நிற்கும் வேளை அது. தாழ்கோணம் அதிகாரத்தின் குறி எனில் இப்பகுதி பிழையாதல் வேண்டும். அது பிழையன்று, பட்டியலே பிழை.

4. ‘கொலையாளிகள்’

எர்னஸ்ட் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட சிறுகதையின் திரைவடிவம் இது. மாஸ்கோ அரசுத் திரைப்பட நிறுவனத்தில் மிகயீல் ரோமின் வகுப்பில் பயின்ற ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி, அலெக்சாந்தர் கோர்தன், மரீகா பேய்கு ஆகிய மூவரும் இணைந்து இதனை உருவாக்கினர். ஏறத்தாழ 19 நிமிடம் ஓடும் இப்படத்தின் மூன்று பகுதிகளும் இரண்டே இடங்களில் நிகழ்கின்றன: உணவகம், ஓர் அறை, மீண்டும் உணவகம்.

இருவர் உணவகத்துக்கு வருகின்றனர். மாலையில் அங்கு உண்ண வரும் ஸ்வீடன்காரர் ஒருவரைக் கொல்வது அவர்கள் நோக்கம். ஒருவன் சமையலறையில், உணவு நீட்டும் சிறு சாளரத்துக்குப் பின் துப்பாக்கியுடன் அமர்கிறான். மற்றவன் கல்லாப் பக்கத்தில் காத்திருக்கிறான். உள்ளிருப்பவன் வெளியிலுள்ளோரைச் சற்று நகர்ந்து நிற்கச் சொல்லும்போது, குழுப் படமெடுக்கும் புகைப்படக்காரனுக்கு அவனை ஹெமிங்வே ஒப்பிடுகிறார். கொலைக்கான குறிக்கோணமும் கேமராக் கோணமும் ஒன்றே என்னும் குறிப்பு மூலக்கதையிலேயே உள்ளது எனலாம்.

இச்சிறு சாளரத்தை மூன்று இடங்களிலிருந்து காட்ட இயலும். உள்ளிருந்து காட்டினால் நாம் கொலைகாரனின் கண்ணாகிறோம், இது தன்மை. கல்லாவில் நிற்கும் ஜார்ஜின் நிலையிலிருந்து காட்டினால் அச்சாளரம் நம்மை நோக்கிய இருட்டு, இது முன்னிலை. ஏதும் அறியாத வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து காட்டினால் அது வெறும் சுவர்த் துளை; இது படர்க்கை. பொருள் ஒன்று, இடம் மூன்று, மூன்றும் வெவ்வேறு கூற்றுகள். ஹெமிங்வேயின் கதைகூறல் பெரும்பாலும் ஜார்ஜின் அருகிலேயே தங்குகிறது. படமும் இந்நிலையையே பெரிதும் பின்பற்றுகிறது.

இனி, தார்க்கோவ்ஸ்கியே நடித்த சிறு வேடத்தைக் கருதுக. வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார், எடுத்துச் செல்ல சாண்ட்விச் கேட்கிறார், காத்திருக்கும்போது சீட்டியடிக்கிறார். ஜார்ஜ் ஷியரிங் 1952இல் இசையமைத்த ‘லல்லபி ஆஃப் பேர்ட்லேண்ட்’ என்னும் ஜாஸ் மெட்டு அது. கதை வெளியாகிக் கால் நூற்றாண்டு கழித்துப் பிறந்த மெட்டாயினும், மாஸ்கோப் பார்வையாளர்க்கு ‘அமெரிக்கா’ என்பதை உணர்த்தும் மொழிபெயர்ப்பு ஈடாக அது அமைகிறது.

மொழியியலார் கையாளும் மாற்றுச் சோதனையை இங்கு மேற்கொள்வோம். இதே ஷாட்டை, இதே கோணத்தில், கொலையாளிகள் நுழைவதற்கு முன் வைத்தால், பசியோடு சீட்டியடிக்கும் ஒருவரையே காண்போம். துப்பாக்கி இருப்பது தெரிந்தபின் வைத்தாலோ, அந்த மெட்டின் ஒவ்வொரு நொடியும் தாங்கவியலாததாகிறது. வடிவம் மாறாதிருக்கப் பொருள் முற்றும் மாறிவிட்டது. எனவே பதற்றம் ஷாட்டினுள் இல்லை. பார்வையாளர் அறிந்ததற்கும் வாடிக்கையாளர் அறியாததற்கும் இடைப்பட்ட தூரத்தில் உள்ளது. தார்க்கோவ்ஸ்கி நீண்ட மௌனங்களைப் படத்தில் அமைத்தமை இதனை வலுப்படுத்துகிறது. அறிந்ததைப் பார்வையாளர் மனத்தில் மீண்டும் எண்ணிப் பார்க்க அம்மௌனங்களே இடம் தருகின்றன.

5. அறை: மிகைத் தெளிவு

கோர்தன் இயக்கிய இரண்டாம் பகுதி இவ்வளவு வெற்றி பெறவில்லை. எச்சரிக்க வந்த இளைஞன் நிக்கிடம், தப்ப விரும்பாத முன்னாள் குத்துச்சண்டை வீரர் பேசுகிறார். மூலக்கதையில் அவர் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்தவாறே பேசுகிறார். முகத்தை உரைநடை நமக்குத் தர மறுக்கிறது. படமோ வசீலி ஷுக்ஷினின் முகத்தைக் காட்டுகிறது. ஷுக்ஷின் சிறந்த நடிகர். ஆயினும் முகம் காட்டப்பட்டதும் அதில் சோர்வு, அச்சம், இசைவு என ஏதேனும் ஒன்றைப் படித்துவிடுகிறோம். மூலம் மறைபொருளாக விட்டதை மொழிபெயர்ப்பு வெளிப்படையாக்கும் என்று ஷோஷானா பிளம்-குல்கா 1986இல் முன்வைத்த கருதுகோள், யாக்கப்சன் 1959இல் வகுத்த குறியிடை மொழிபெயர்ப்புக்கும் பொருந்துவதை இங்குக் காண்கிறோம்.

எனினும் மாணவர்கள் ஒரு பெருந்தவற்றைத் தவிர்த்தனர். இதே கதையை 1946இல் படமாக்கிய ராபர்ட் சியோத்மாக், வீரரின் கொலையைத் தொடக்கத்திலேயே நிகழ்த்தி, ‘ஏன்’ என்ற வினாவுக்கு விடைதேடும் புலனாய்வைச் சேர்த்தார். அது தேர்ந்த படமே. ஆனால் சஸ்பென்ஸ் மர்மமாக மாறிவிட்டது. மாணவர் படம் கொலையைக் காட்டாமலே முடிகிறது. வினைமுற்று சொல்லப்படாத வாக்கியமாக அது நிற்கிறது.

6. மொழிபெயர்ப்பாளர்க்கு

இவ்வாய்வு துணைத்தலைப்பு எழுதுவோர்க்கும் பயன்படும். ஆங்கிலத்தின் ஒற்றைப் படர்க்கைச் சொல்லை வைத்துக்கொண்டு ஹெமிங்வேயின் மாந்தர் அனைவரும் ஸ்வீடன்காரரைக் குறிக்கின்றனர். தமிழில் கொலையாளிகளுக்கு அவர் ‘அவன்’. வாடிக்கையாளராக அறிந்த ஜார்ஜுக்கு ‘அவர்’. இத்தேர்வும் ஒரு கோணமே. ‘அவர்’ சற்றே மேல்நோக்கிய பார்வை. ‘அவன்’ சமநிலையாகவோ கீழ்நோக்கியோ அமையும். ஆனால் பக்தி இலக்கியம் இறைவனையே ‘நீ’ என்றும் ‘அவன்’ என்றும் குறிப்பதை மறத்தலாகாது. இங்கும் பட்டியல் உதவாது. உறவே பொருளைத் தருகிறது.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. திரையில் உருவம் தெளியுமுன்பே தமிழ் வினைமுற்று பாலையும் மதிப்பையும் வெளிப்படுத்திவிடும். இருளில் வருபவர் யாரென்று கேமரா மறைத்திருக்க, ‘வருகிறான்’ என்று துணைத்தலைப்பு கூறினால் மறைத்தது வீணாகிறது. ‘காலடிச் சத்தம் கேட்கிறது’ என அஃறிணை எழுவாயால் தப்புவது ஏற்ற வழி.

7. முடிவுரை

மாணவர்க்குக் கோண வகைகளைக் கற்பித்தல் வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. சுட்டெழுத்துகளை அறியாமல் மொழி பேச இயலாது. ஆனால் ஷாட் பட்டியல் எழுதும் தாளில், கோணம், அளவு, நேரம் என்னும் வரிசைகளுக்கு முன்னதாக மேலும் இரண்டு வரிசைகள் இடம்பெறல் வேண்டும்: இவ்வேளையில் பார்வையாளர் அறிந்தது என்ன? திரையிலுள்ளவர் அறிந்தது என்ன? இவ்விரண்டும் ஒன்றாயிருக்கும் இடத்தில் எந்தத் தாழ்கோணமும் பதற்றத்தை உண்டாக்காது. வேறுபடும் இடத்தில் கண்மட்டத்தில் நிறுத்திய அசையாத கேமராவும் சீட்டியடிக்கும் ஒரு மனிதரும் போதும்.