செய்தவன் எங்கே?

செயப்பாட்டு வினை தமிழுக்கு அந்நியமென்பாரை நாம் ஏற்பதற்கில்லை. 'படு', 'உண்' என்பன நம் பழைய உடைமைகளே. ஆங்கிலத்தைப் பின்பற்றும் நமது செய்தி நடை அவற்றைக் கையாளும் விதமே கண்டிக்கத்தக்கது.

மொழியியலறிஞர் சொம்ஸ்கி 1957இல் விளக்கியவாறு, செய்வினை வாக்கியம் செயப்பாட்டு வாக்கியமாக மாறுகையில் செய்தவன் பின்னுக்குத் தள்ளப்படுகிறான். பிறகு, இலக்கணம் பிழையாமலே அவனை நீக்கியும் விடலாம்.

'1991 ஜூன் 12இல் கொக்கட்டிச்சோலையில் மக்கள் கொல்லப்பட்டனர்' என்று எழுதுகிறார்கள். செய்தவர் யாரென அறியாதவிடத்து இந்நடை நேர்மையானது. இங்கோ, கொன்றவர் இராணுவத்தினரே என்று அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழுவே கண்டது. அதன் பின்னும் 'இராணுவத்தினரால்' என்னும் ஒரு சொல்லை விழுங்குவது சுருக்கமன்று, கரவு.

வாவிக்கு மேற்கே, படுவான்கரைத் தாய்மார் 'ஆமிக்காரன் சுட்டுப்போட்டான்' என்றே கூறுவர். நமது எழுத்தாளர் அவர்களிடம் இலக்கணம் கற்கட்டும்.