பச்சைக் கட்டங்கள் சொல்லாதது

மென்பொருள் வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் மதிப்பெண்ணோடு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உள்ள முகவரியையும் கேட்கிறார்கள். நல்ல வழக்கம்தான். பெயர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைக்காத ஒரு பெண், தான் எழுதிய நிரலையே சான்றாக முன்வைக்க இது இடம் தருகிறது. குறை, அதைப் படிக்கும் முறையில் இருக்கிறது.

கிட்ஹப் பக்கத்தில் ஆண்டு முழுவதற்குமான பச்சைக் கட்டங்கள் தெரியும். கமிட், அதாவது பதிவுசெய்த மாற்றம், கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். ஒரு வாரம் போராடித் தீர்த்த பிழையும், திட்டத்தின் விளக்கக் கோப்பான ரீட்மீயில் திருத்திய ஒரு காற்புள்ளியும் அங்கே ஒரே கணக்கு. கமிட்டின் தேதியை எழுதுபவரே மாற்றிவிடலாம். அந்தக் கட்டங்களில் படம் வரையக்கூடக் கருவிகள் உண்டு. இடைவிடாமல் எத்தனை நாள் உழைத்தார் என்ற எண்ணிக்கையை 2016இல் கிட்ஹப் நீக்கிவிட்டது. கட்டங்கள் நீடிக்கின்றன.

எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் என்ன ஆகும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரெக்வெஸ்ட் (பிறர் திட்டத்தில் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு. ரீட்மீயில் ஓரிரு சொல்லைச் சேர்த்து அனுப்பியவர்கள் ஏராளம். சம்பளமின்றித் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் அந்த வேண்டுகோள்களை மூடுவதிலேயே நேரத்தை இழந்தார்கள். சம்மதித்த திட்டங்களுக்கு அனுப்பியவை மட்டுமே கணக்கு என்று மாதத்தின் தொடக்கத்திலேயே டிஜிட்டல்ஓஷன் விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

காணொளியைப் பார்த்து அப்படியே எழுதிய வானிலைச் செயலியும் நெட்ஃபிளிக்ஸ் நகலும் இதே வகை. பயிற்சிக்கு நல்லவை; எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்லாதவை. மாறாக, ஒருவர் மளிகைக் கடைக்குக் கடன் கணக்குச் செயலி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கோமதி’ என்று தேடினால் பட்டியலில் இருக்கும் கோமதி அகப்படவில்லை. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். இந்தச் சிக்கலையும், எடுத்த முடிவையும், அதற்கான சோதனையையும் ரீட்மீயில் எழுதிவைத்தவரை நான் தயங்காமல் நேர்காணலுக்கு அழைப்பேன். பத்து நகல்களைவிட இந்த ஒரு திட்டம் அதிகம் பேசும்.

கிட்ஹப் முகவரி கேட்கும் இந்த வழக்கத்தில் அநீதியும் இருக்கிறது. சேவை நிறுவனத்தில் பல ஆண்டுகள் உழைத்தவரின் நிரல் வாடிக்கையாளருக்குச் சொந்தம். வெளியே காட்ட முடியாது. அலுவலகம் முடிந்து சமையலும் பிள்ளைகளின் பாடமும் காத்திருக்கும் பெண்ணுக்குத் தனித் திட்டம் எழுத மாலையே மிஞ்சுவதில்லை. திறமூல உழைப்பை வேலைக்கான தகுதியாக்குவது யாரை வெளியே தள்ளுகிறது என்று நிரலாளர் ஆஷ் டிரைடன் 2013இலேயே விரிவாக எழுதினார். கிட்ஹப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பதற்காக இவர்களை ஒதுக்குவது தவறு. நிறுவனம் தன் நிரலிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, எங்கே உடையும், எப்படி மாற்றுவீர்கள் என்று அலுவலக நேரத்திலேயே உட்கார்ந்து கேட்கலாம்.