வளையும் கோடு

மின்தடையில் வோல்டேஜை இரட்டித்தால் கரன்ட்டும் இரட்டிக்கும். வரைபடத்தில் நேர்கோடு, ஒழுங்கான பிள்ளை, சுவாரஸ்யம் குறைவு. சிலிக்கன் டயோடு வேறு ரகம், அதன் கோடு வளையும். வோல்டேஜ் வெறும் 60 மில்லிவோல்ட் கூடினாலே கரன்ட் ஏறத்தாழப் பத்து மடங்காகும். தலைகீழாக இணைத்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடாது.

எனக்குப் பிடித்தது இதன் கணக்கு. நேரியல் சுற்றில் இரண்டு அதிர்வெண்களைச் செலுத்தினால் அதே இரண்டுதான் வெளிவரும். டயோடிலோ அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிதாய்ப் பிறக்கின்றன. பள்ளியில் (அ+ஆ)²-ஐ விரிக்கும்போது நடுவில் வந்து நின்ற அதே 2அஆ செய்யும் வேலை! மீடியம் வேவ் ரேடியோ, சுமந்துவரும் அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுப்பது இந்த வளைவால்தான். இதே போன்ற வளைவுள்ள கலீனா படிகத்தை வைத்து மின்காந்த அலையைக் கண்டறியும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார்.