கழுவேற்றக் கதையின் வளர்ச்சி

குன்றாண்டார்கோவில் குடைவரையைக் காணும்பொருட்டு முதுகலை மாணவர் சிலருடன் யாம் சென்றிருந்தோம். கீரனூரை அடுத்த அவ்வூரின் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் ஆக்கப்பெற்ற சிவன்கோயில் அது. நந்திவர்மன், தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுக்களை உடையது. குதிரைகள் ஈர்த்துச் செல்லும் தேர்போலப் பிற்காலத்தார் எடுத்த மண்டபம் அதன் முன்னே நிற்கின்றது. அம்மண்டப நிழலில் இருந்தபோது மாணவர் ஒருவர், ‘ஐயா, செருமனியில் யூதர்க்கு நேர்ந்ததுதானே மதுரையில் சமணர்க்கும் நேர்ந்தது?’ என வினவினார். அவர் சொல்லி வாய்மூடுமுன் மற்றொருவர், ‘அஃது எல்லாம் கட்டுக்கதை, அதனைப் பேசுவதே நம் சமயத்திற்கு இழுக்கு’ என்றார். இருவர் கூற்றும் எமக்கு அமைதி தரவில்லை. முன்னவர் சான்று தேடாது நம்பினார். பின்னவர் சான்று தேடாது மறுத்தார். நூல்களை வரிசைப்படுத்திக் கற்போர்க்கு இவ்விரண்டும் ஆகா. அன்று ஆங்கு விடுத்த விடை சுருங்கியது. அதனை ஈண்டு விரித்துரைக்க முற்படுகின்றோம்.

முதற்கண் காலவரிசை. பாண்டியன் நெடுமாறனும் திருஞானசம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டினர். சம்பந்தர் பதிகங்களே இந்நிகழ்ச்சிக்குச் சமகாலச் சான்று. அப்பதிகங்களில் சமணரைப் பற்றிய கடுஞ்சொற்கு முட்டில்லை. பெரும்பாலான பதிகங்களின் பத்தாம் பாட்டுச் சமணரையும் சாக்கியரையும் இகழ்தற்கென்றே ஒதுக்கப்பட்டது என்னுமளவிற்கு அவ்வமைப்பு நிலைபெற்றுள்ளது. மடத்திற்கு அமணர் இட்ட தீ அங்குக் குறிக்கப்பெறுகின்றது. அத்தீ மெல்லச் சென்று பாண்டியனைச் சார்க என்னும் வேண்டுதலும் உண்டு. ஓலை நீரை எதிர்த்து ஊர்ந்த செய்தியும் உண்டு. வாதில் வென்று அழிக்க இறைவன் திருவுளம் வினவும் பதிகமும் உண்டு. கழு மட்டும் இல்லை. தீயையும் நீரையும் மறவாது பாடிய புலவர், எண்ணாயிரவர் மாண்டதை மறந்தார் என்பது பொருந்துமா? ‘அழித்தல்’ என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு கொலையை ஊகிப்பாரும் உளர். வாதினை அழித்தல் வேறு, வாதியை அழித்தல் வேறு. அச்சொல்லொன்றே எண்ணாயிரம் உயிர்க்குச் சான்றாகாது.

ஆயினும் தேவாரம் முழுதும் இவ்வகைச் செய்தியின்றி உளது என்று கூறுதற்கும் இல்லை. பழையாறை வடதளிப் பதிகத்தில் ஆயிரம் சமணர் அழிவெய்தியதை நாவுக்கரசர் சுட்டுகின்றார். கோயிலை மறைத்தது பற்றி எழுந்த பூசலாக அதனைப் பிற்கால வரலாறு விரிக்கின்றது. மறுபுறம், சமணம் சார்ந்த பல்லவ வேந்தன் நாவுக்கரசரை நீற்றறையில் இட்டதும் நஞ்சூட்டியதும் கல்லொடு பிணித்துக் கடலில் இட்டதும் சைவ நூல்கள் கூறுவன. அரசின் கை எச்சமயத்தார் பக்கம் சாய்ந்ததோ அப்பக்கத்தார்க்கு எதிரிகள் அஞ்சி வாழ்ந்தனர் என்னும் அளவிற்கு இவற்றை நம்பலாம்.

கழு நூல்களிற் புகுவது பின்னரே. திருமுறை தொகுத்த நம்பியாண்டார் நம்பி சம்பந்தரைப் புகழும் பாடல்களில் அதனைக் காண்கின்றோம். நிகழ்ச்சிக்கும் அவர்க்கும் இடையே மூன்று நூற்றாண்டுகட்கு மேற்பட்ட இடைவெளி. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியும் சேக்கிழாரின் திருத்தொண்டர் புராணமும் அதனை ஏற்றுக்கொண்டன. பெரும்பற்றப்புலியூர் நம்பி வழியாகப் பரஞ்சோதியாரிடம் வரும்போது அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் அறுபத்து மூன்றாவதாக, ‘சமணரைக் கழுவேற்றிய படலம்’ என்னும் தலைப்பையே அது பெற்றுவிடுகின்றது. அடியவர் ஒருவர் வரலாற்றில் ஒரு செய்தியாக இருந்தது இறைவனின் திருவிளையாடலாக உயர்ந்தது. பொற்றாமரைக் குளத்துச் சுவரிலே ஓவியமாயிற்று. கோயில் விழாவிலும் இடம்பெற்றது. காலத்தால் விலகுந்தோறும் செய்தி மங்குதல் இயல்பு. இதுவோ விலகுந்தோறும் துலங்குகின்றது.

எண்ணாயிரம் என்னும் தொகையையும் ஆராய்தல் வேண்டும். நாலடியாரின் தோற்றம் பற்றிய பழங்கதையை மாணவர் அறிவர். பஞ்சத்தால் பாண்டிநாடு அடைந்த சமண முனிவர் எண்ணாயிரவர், நாடு செழித்தபின் அரசன் விடைகொடாமையின், ஆளுக்கொரு வெண்பா எழுதி வைத்துவிட்டு இரவில் அகன்றனர் என்பதும், அரசன் அவ்வேடுகளை வையையில் எறிய நானூறு மட்டும் நீரை எதிர்த்து வந்தன என்பதும் அக்கதை. மதுரை, வையை, எண்ணாயிரவர், எதிரேறும் ஏடு ஆகிய நான்கும் இரண்டு கதைக்கும் பொது. ஒன்றில் ஏடு சைவருடையது, மற்றொன்றில் சமணருடையது. ஒன்றில் எண்ணாயிரவர் மாள்கின்றனர், மற்றொன்றில் உயிரோடு அகல்கின்றனர். ஒரே கதைமுதலை இரு சமயத்தாரும் பங்கிட்டுக் கொண்டனர் என்பதே எம் துணிபு. எண்ணாயிரவர் என்பது தொகைப்பெயராய் அன்றிக் குழுவின் பெயராயும் வழங்கியிருக்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்றே ஓர் ஊர் உளது. அந்தணருள் அப்பெயர் கொண்ட பிரிவும் உண்டு. தலையெண்ணிப் பெற்ற தொகை அன்று என்பது தெளிவு.

இனி, கொல்லப்பட்டார் எனப்படுவோரின் வாழ்வைக் காண்போம். இதற்கு யாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குன்றாண்டார்கோவிலைச் சூழ்ந்த நிலமே போதும். சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கியவன் இளங்கௌதமன் என்று ஆங்குள்ள பாட்டுவடிவக் கல்வெட்டு உரைக்கின்றது. காலம் 9-ஆம் நூற்றாண்டு. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆட்சி. அவ்விளங்கௌதமன் யார்? மதுரை ஆசிரியன். எந்நகரில் சமணர் வேரறுக்கப்பட்டனர் என்று புராணம் பாடுகின்றதோ அந்நகரின் சமண ஆசிரியன், இருநூறு ஆண்டு கழித்து, பாண்டியன் ஆட்சியிலேயே திருப்பணி செய்து தன் ஊரையும் பொறித்துச் செல்கின்றான். இவ்வொரு கல்வெட்டை எம் மாணவர் பலகாலும் படித்தல் வேண்டும். மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையும் கழுகுமலையும் இக்காலத்துச் சமணர் செல்வாக்கினைக் காட்டுவன. ஐவர்மலையில் 870-இல், வரகுணன் ஆட்சியில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியைப் புதுக்கி 505 காணம் பொன் வைத்தார். குளத்தூர் வட்டத்துச் செட்டிப்பட்டியில் வணிகர் குழுவின் பெயர் தாங்கிய ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி இருந்தது. இன்று இடிந்த மேடாய் உளது.

இலக்கியமும் அவ்வாறே. சிந்தாமணியும் சூளாமணியும் யாப்பருங்கலமும் நன்னூலும் 7-ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டன. பிறசமயத்தாரொடு வாதிடுவதையே பொருளாகக் கொண்ட நீலகேசியிலும் எண்ணாயிரவர்க்கு ஓர் இரங்கலில்லை. தம் குருமார் எண்ணாயிரவரை இழந்த சமயம், இத்துணை நூல்களை இயற்றியும் ஒரு சொல் அழாது இருந்தது என நம்புதல் அரிது. நீலகண்ட சாத்திரியார் இதனை வரலாறாகக் கொள்ளாது கதையென ஒதுக்கியதன் காரணம் இதனால் விளங்கும்.

மாணவர் முன்வைத்த ஒப்புமைக்கு வருவோம். சான்றாய்வின் முறை ஒன்றே. ஆனால் அம்முறை மதுரையில் எம்மை ஐயத்திற்கு இட்டுச்சென்றது, ஐரோப்பாவில் ஐயமறு துணிவிற்கு இட்டுச்செல்கின்றது. சமகாலச் சான்று வேண்டும் என்றோம்: 1942 சனவரி 20-இல் வான்சேயில் உயர் அலுவலர் கூடிப் பேசியதன் குறிப்பு, கொன்றோர் கையாலேயே எழுதப்பட்டுக் கிடைத்துள்ளது, கிழக்கே சென்ற கொலைப்படையினர் நாள்தோறும் எண்ணிக்கை அனுப்பினர். துன்புற்றோர் குரல் வேண்டும் என்றோம்: வார்சா நகரின் அடைப்பிற்குள் இம்மானுவேல் ரிங்கல்புளூமும் துணைவரும் தொகுத்த ஏடுகள் தகரப் பெட்டிகளிலும் பால் குடங்களிலும் புதைக்கப்பட்டு, 1946-இலும் 1950-இலும் தோண்டி எடுக்கப்பட்டன. மக்கள் தொகை குன்றியிருத்தல் வேண்டும் என்றோம்: போலந்தில் வாழ்ந்த முப்பத்து மூன்று இலட்சம் யூதருள் ஏறத்தாழ முப்பது இலட்சத்தவர் மாண்டனர், ஐரோப்பா முழுதும் மாண்டோர் அறுபது இலட்சத்தவர். இளங்கௌதமனைப் போல் இருநூறு ஆண்டு கழித்து வந்து திருப்பணி செய்வதற்கு அங்குப் பல ஊர்களில் வழித்தோன்றலே இல்லை. ஆதலின், கழுவேற்றத்தைக் கதை என்பார் அதனைச் சான்றாய்வின்மேல் நின்று கூறுவராயின், யூதர் அழிவினைக் கதை என்பாரோடு உறவு கொள்ள இயலாது. இருவரும் ஒரே அளவுகோலை ஏந்தியவர் அல்லர்.

இத்துடன் கட்டுரையை முடிப்பின், பின்னவராகிய மாணவர் மகிழ்வர். அஃது எம் கருத்தன்று. நிகழாத கொலை ஒன்றை நம் முன்னோர் எண்ணூறு ஆண்டு விரும்பிப் பாடியது ஏன் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. நிகழ்ந்தது என்பதினும் சிலபோது இது கடினமான வினா. சேக்கிழார் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோம். கழுவை முதலில் மொழிவார் சமணரே. தோற்பின் வேந்தன் எம்மைக் கழுவேற்றுக என்று சினத்தால் தாமே சபதம் கூறுகின்றனர். மடத்திற்குத் தீயிட்ட குற்றம் முன்னரே அவர்மேல் நிற்கின்றது. ஆணை அரசனது, நிறைவேற்றுபவர் அமைச்சர் குலச்சிறையார். பிள்ளையார்க்கோ பகை இல்லை; எனினும் மடத்திற்கு இழைத்த தீங்கு கருதி அவர் விலக்காது வாளா இருந்தார் என்கின்றார் புலவர். கொலை நிகழ்கின்றது, கொன்றவர் என ஒருவரையும் சுட்டிக் காட்ட இயலவில்லை. சபதம் கொன்றது, குற்றம் கொன்றது, சட்டம் கொன்றது.

இவ்வமைப்பைப் படித்தபின் செருமனி வரலாற்றைப் படித்தார்க்கு அது பழகிய வழியாகத் தோன்றும். 1933-இல் இட்லர் ஆட்சி யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் செய்து, அரசுப் பணியினின்று அவர்களை விலக்கியது. 1935-இல் நூரம்பர்க்குச் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பரில், பாரிசில் யூத இளைஞன் ஒருவன் செருமானிய அலுவலர் ஒருவரைச் சுட்டான் என்பதைக் காரணமாக்கித் தொழுகையிடங்கள் கொளுத்தப்பட்டன; அதன்பின் அவ்வழிவிற்கு ஈடாக யூதர்மீதே நூறு கோடி மார்க்குத் தண்டம் விதித்தனர். அடிபட்டவனே அடிக்குப் பொறுப்பு என்னும் இம்முறைக்கும், கழுவைக் கேட்டவர் சமணரே என்னும் முறைக்கும் உள்ள ஒற்றுமையை யாம் காணாது செல்லுதல் இயலாது. ஒன்று செயல், மற்றொன்று பாட்டு என்னும் வேற்றுமை பெரிதே. ஆயினும் செயலைப் பொறுக்கச் செய்யும் மொழி, பாட்டிலேதான் பழகப்படுகின்றது.

சேக்கிழாரை ஈண்டுக் குறை கூறுகின்றோம் என எவரும் கருதற்க. அவர் கூச்சத்தை யாம் மதிக்கின்றோம். சம்பந்தர் ஏன் விலக்கவில்லை என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. எழுந்தமையாற்றான் விடை தேடினார். அவ்விடை எமக்கு நிறைவு தரவில்லை என்பது வேறு. கழுவின் செய்தியை அவர் சில பாட்டிற் கடந்து செல்கின்றார். பரணி பாடிய கூத்தர்க்கு அக்கூச்சம் இல்லை. பேய்க்கும் பிணத்திற்கும் நடுவே அச்செய்தி அவர்க்கு ஒரு சுவை. பரஞ்சோதியார்க்கோ அது படலம் ஆயிற்று. நீறு பூசி உயிர் தப்பினாரையும் பூசாது மாண்டாரையும் பிரித்துப் பாட அவர்க்கு இடம் வாய்த்தது. ஒரே செய்தியில் மூவர் மனநிலையை அளந்து காட்டும் ஆய்வு இதுகாறும் தக்கவாறு செய்யப்படவில்லை. நூல்களை இகழ்தற்கோ காத்தற்கோ காட்டும் ஆர்வத்தில் நூறில் ஒரு கூறு அவற்றைப் படித்தலிற் காட்டியிருப்பின் எத்துணையோ தெளிவு பிறந்திருக்கும்.

கதை ஏன் 12-ஆம் நூற்றாண்டிற் செழித்தது? சிந்தாமணியில் ஈடுபட்ட சோழனைத் திருப்புதற்கே பெரியபுராணம் எழுந்தது என உமாபதி சிவம் வழிவந்த மரபு கூறும். அம்மரபு முற்றும் உண்மையோ அன்றோ, சமண நூல் அரசவையில் விரும்பிக் கேட்கப்பட்டது என்னும் அளவிற்கு அது சான்று. அழிந்துபோனவரை எதிர்த்து எவரும் காப்பியம் பாடார். உடன் வாழ்ந்து, உடன் கற்று, புலமையில் ஒரு படி மேலே நின்ற அயலாரைப் பாட்டில் கழுவேற்றினர்.

குன்றாண்டார்கோவிலினின்று மீளும் வழியில் நார்த்தாமலைக்கும் சென்றோம். ஆங்குச் சமணர் குடகு எனப்படும் குடைவரையில் இன்று காண்பது திருமாலின் உருவங்கள். பெயர் மட்டும் பழைய உரிமையைச் சுட்டுகின்றது. அருகே ஆளுருட்டிமலை. ஆட்களை மேலிருந்து உருட்டிக் கொன்றமையால் வந்த பெயர் என்பர். அம்மலையிலோ 13-ஆம் நூற்றாண்டில், சுந்தர பாண்டியன் காலத்தில், கனகசந்திர பண்டிதரும் அவர் மாணாக்கர் தருமதேவ ஆசாரியரும் வாழ்ந்தமையைக் கல்வெட்டுக் காட்டுகின்றது. பெயர்க்கதையையும் கல்வெட்டையும் மாணவரிடம் ஒருங்கே படித்துக் காட்டினோம். முதலில் வினவியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், புதுக்கோட்டை வட்டாரத்துச் சமண ஆசிரியர் பெயர்களைக் கல்வெட்டுக்களினின்று தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் காலம் குறிக்கும் பணியைத் தமக்கு அளிக்குமாறு கேட்டார். மறுத்துரைத்த மாணவரும் அவருடன் அப்பணியில் இணைந்துள்ளார்.